கனத்த கிட்டார் கம்பிக்கு நறுக்கிய துண்டே அரம்

கிட்டாருக்குக் கனத்த கம்பி மாட்டினால், நறுக்கி எறியும் நுனித்துண்டையே அரமாக்கி நட்டின் (கழுத்தும் தலைப்பகுதியும் சேருமிடத்தில் கம்பிகளைத் தாங்கும் பள்ளங்கள் கொண்ட சிறு பட்டை) பள்ளத்தை அகலப்படுத்தலாம். நட் அரம் தேடிப் பொள்ளாச்சியிலிருந்து கோவைக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை. கம்பியைத் தளர்த்தி ஒதுக்கிவிட்டு, துண்டைத் தலைப்பகுதியின் சரிவை ஒட்டி முன்னும் பின்னும் இழுங்கள்.

0.042 அங்குலக் கம்பிக்கு வெட்டிய பள்ளத்தில் 0.049 அங்குலக் கம்பி இறுகிக்கொள்ளும். முறுக்கும்போது ‘டிங்’ என்று சுருதி தாவுவது அதனால்தான். துண்டும் புதுக் கம்பியின் தடிமனே என்பதால், நேராக இழுத்தால் பள்ளம் அளவுக்கு மீறி அகலாது. கம்பி தடையின்றி நகர்ந்ததும் நிறுத்திவிடுங்கள். ஆசைப்பட்டு அடியையும் தேய்த்தால், விரல் வைக்காமல் மீட்டும்போது கம்பி இரையும், பிறகு நட்டையே மாற்ற வேண்டிவரலாம்.

மேலே மெல்லிய கம்பி சுற்றிய சுற்றுக்கம்பிகளுக்கு மட்டுமே இது. வழவழப்பான மெல்லிய கம்பி தேய்க்காது; உலோக நட், கம்பியை இறுக்கிப் பூட்டும் பூட்டு நட் இரண்டுக்கும் உதவாது.