எட்யூட்களைக் கூடிப் பழகுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பு வெள்ளவத்தையில் கடலோர ரயில் பாதைக்கு அண்மையிலுள்ள தொடர்மாடி வீடொன்றில், போயா எனும் பௌர்ணமி விடுமுறை நாட்களில் நாங்கள் சிலர் கிளாசிக்கல் கிற்றாருடன் கூடி, எட்யூட்களை, அதாவது விரல் நுட்பங்களைப் பழகுவதற்கென எழுதப்பட்ட சிறு உருப்படிகளை, வாசிப்பது வழக்கம். தனியே பழகும்போது தலைகாட்டாத சில தவறுகள் கூடிப் பழகும்போது வேர்விடுவதை அங்கேதான் கண்டேன்.

அவற்றுள் மிக அற்பமானதே எங்களுடைய ஒரு மாதத்தை விழுங்கியது. ஸ்பானிய இசையமைப்பாளர் பெர்னாண்டோ சோரின் ஐந்தாம் எட்யூடை எல்லோரும் பழகி வருவதென்று முடிவெடுத்துப் பிரிந்தோம். அடுத்த போயாவன்று இருவர் ஒன்றை வாசிக்க, மற்றவர்கள் வேறொன்றை வாசித்தார்கள். கிற்றார் கலைஞர் செகோவியா, சோரின் எட்யூட்களில் 20ஐத் தெரிந்தெடுத்து, தமது வரிசைப்படி எண்ணிட்டு 1945இல் வெளியிட்டார். அத்தொகுப்பின் ஐந்தாம் எட்யூட், சோரின் ஓபஸ் (படைப்பு எண்) 35இல் 22ஆவது ஆகும். விரற்குறிப்புகளும் பதிப்புக்குப் பதிப்பு வேறுபடுவதால், ஓபஸ் எண்ணையும் பதிப்பையும் சேர்த்துச் சொல்லாமல் எதையும் தொடங்கக் கூடாது.

அடுத்த தவறு, ஓர் எட்யூட் எந்த விரலுக்கு எந்த வேலையைக் கொடுக்கிறது என்று கேளாமலே அதை முழு உருப்படியாக வாசிக்க முனைவது. பிரேசில் இசையமைப்பாளர் வில்லா-லோபோஸ் 1929இல் முடித்த 12 எட்யூட்களில் முதலாவதை எடுத்துக்கொள்வோம். அதில் வலக்கை ஒரே ஆர்ப்பெஜியோ (சுரக்கூட்டை ஒவ்வொரு சுரமாகப் பிரித்து மீட்டும்) ஒழுங்கை ஏறத்தாழ இறுதிவரை விடாது மீட்டுகிறது. இடக்கையோ நடுவில் ஒரே விரல் வடிவத்தை ஒவ்வொரு பிரெட்டாக (கழுத்திலுள்ள மெட்டாக) கீழிறக்கி வருகிறது. கண்ணுக்குத் தெரிவது இடக்கை என்பதால் எல்லோரும் அதையே பார்த்துப் பழகுகிறார்கள். ஆனால் சோதனை வலக்கைக்குரியது. இடக்கையை மடியில் வைத்துவிட்டு, வெறுந்தந்திகளில் அந்த ஒழுங்கை மட்டும் சில நாட்கள் மீட்டுவதே நேரான வழி.

கர்நாடக சங்கீதம் பயின்று வந்த எங்களைப் போன்றோருக்கு வேகத்தில் தனியொரு பொறி இருக்கிறது. சரளி வரிசையை மூன்று காலங்களில் பாடிய பழக்கத்தில், தாளம் காட்டும் மெற்றோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து வாசித்தபின் நேரே 120க்குத் தாவினேன். குரலுக்குப் பொருந்திய அந்த இரட்டிப்பு, தந்தி விட்டுத் தந்தி தாவும் வலக்கை விரல்களுக்குப் பொருந்தவில்லை. நான்கு நான்காகக் கூட்டிச் சென்றபோதுதான், 88க்கு அருகில் மோதிர விரல் இறுகுவது எனக்குத் தெரிந்தது. தாவிக்கொண்டே இருந்திருந்தால் அந்த இடத்தைக் கண்டிருக்கவே மாட்டேன்.

குழுவுக்கே உரிய பெருந்தவறு, எல்லோரும் சேர்ந்து ஒரே நேரத்தில் வாசிப்பது. அது இனிமையாகத்தான் இருக்கும், நானும் விரும்புகிறேன். ஆயினும் நைலோன் தந்தியின் ஒலி மெல்லியது, ஐந்து பேர் சேர்ந்தால் ஒருவரின் அமுங்கிய சுரம் மற்றவர்களின் ஒலிக்குள் மறைந்துவிடும். ஆகவே ஒவ்வொருவரும் தமக்குச் சிக்கலான நான்கு பார்களை (இசைத்தாளில் கோடிட்டுப் பிரித்த தாளப் பகுதிகளை) மட்டும் தனியே வாசிக்க, மற்றவர்கள் இசைத்தாளைப் பார்த்தபடி கேட்பதென்று மாற்றிக்கொண்டோம். எப்போதும் முதல் பாரிலிருந்தே தொடங்கி, முற்பகுதி மட்டும் மெருகேறும் வழக்கமும் இதனால் ஓய்ந்தது.

பக்கத்திலிருப்பவரின் விரலமைப்பை அப்படியே நகலெடுப்பதும் தவறு, ஏனெனில் கையின் அளவு ஆளுக்கு ஆள் வேறு. இடது பெருவிரலின் அடியில் வலி எடுத்தால், குழுவின் முன் வெட்கப்பட்டுத் தொடராமல் உடனே நிறுத்த வேண்டும்.

கொழும்பின் ஈரக்காற்றையும் பலர் மறந்துவிடுகிறார்கள். நகங்கள் மென்மையாகிவிடும், குளிரூட்டிய அறையிலிருந்து கொண்டுவந்த கிற்றாரில் சேர்த்த சுருதி கூடத்தின் வெக்கையில் நிற்காது. அதனால் இப்போது முதற் கால் மணி நேரம் கிற்றார்களை உறையிலிருந்து எடுத்துச் சாத்தி வைத்துவிட்டு, நாங்கள் தேநீர் மட்டுமே குடிக்கிறோம்.