"அது மழையில் வந்ததுங்க": வெள்ளத்துக்குப் பின் வீட்டைச் சீரமைக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

குன்னூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓர் ஓடை இறங்குகிறது. ஒரு நவம்பர் இரவில் அது கரையை மீறி, பின்கட்டு அறைக்குள் முழங்கால் அளவுச் சேற்றோடு புகுந்தது. சேற்றை வாரிக் கொட்டிய பிறகு, ஊறிப்போன பூச்சை உடைத்துப் புதிதாகப் பூச ஒரு மேஸ்திரியிடம் பேசினோம். உளியால் தட்டி எடுக்க வேண்டிய சுவரில் அவருடைய ஆட்கள் இடிக்கும் இயந்திரத்தை வைத்தார்கள். மூன்றாம் நாள் பார்த்தால், சன்னலின் மேல்மூலையிலிருந்து கூரை வரை சாய்வாக ஒரு விரிசல். "அது மழையில் வந்ததுங்க சார், மண் இறங்கியிருக்கும்" என்றார் மேஸ்திரி. மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. சேற்றைப் படம் பிடித்திருந்தேன், மிதந்த கட்டிலைப் படம் பிடித்திருந்தேன். அந்த மூலையை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

வெள்ளம் புகுந்த வீட்டில் எந்த உடைசலையும் மழையின் கணக்கில் எழுதிவிடலாம். மழை வந்து மறுக்கப் போவதில்லை. அதனால் நாம் செய்யும் முதல் தவறு, மழை உடைத்தது எது, ஆள் உடைத்தது எது என்று கோடு கிழிக்காமல் வேலையைத் தொடங்குவது. மற்ற தவறுகள் பெரும்பாலும் இதன் பிள்ளைகள்.

படம் எடுக்காமல் உளியை இறக்குவது

படங்களை இரண்டு முறை எடுக்க வேண்டும். சேறு இருக்கும்போது ஒரு முறை, கழுவிய பிறகு, கருவிகள் உள்ளே வருவதற்கு முன் இன்னொரு முறை. இரண்டாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறோம். அறையின் நான்கு மூலைகள், கூரை, தரை, கதவு திறந்தும் மூடியும், சுவிட்ச் போர்டு, குளியலறைக் குழாய்கள் என்று வரிசையாக எடுங்கள். ஏற்கெனவே விரிசல் இருந்தால் அதன் இரு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதியை எழுதி, ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். நீளுகிறதா, அப்படியே நிற்கிறதா என்பதை அந்தக் கோடு சொல்லிவிடும்.

சுவருக்குள் போகும் குழாய்க்கும் ஒரு சோதனை உண்டு. இரவில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, மேல்தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்துவைத்துக் காலையில் பாருங்கள். மட்டம் இறங்காவிட்டால் அன்றைக்குக் குழாய் நன்றாக இருந்தது என்று பொருள். கொத்து வேலை நடந்த மறுநாள் இறங்கினால், யார் உளி பட்டது என்று தேட வேண்டியதில்லை.

இதையெல்லாம் மேஸ்திரிக்குத் தெரியாமல் உளவு பார்ப்பதுபோல் செய்யாதீர்கள். அவரையும் கூட அழைத்துச் சென்று எடுத்து, அன்றே அவருடைய வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடுங்கள். நேர்மையான மேஸ்திரி இதை விரும்புவார். செய்யாத சேதத்துக்கு அவர் தலையும் உருளாது அல்லவா?

வீட்டுக்குக் காப்பீடு இருந்தால் இன்னொரு காரணமும் சேர்கிறது. 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் பாரத் கிருக ரக்ஷா திட்டத்தில் வெள்ளமும் நிலச்சரிவும் அடக்கம். ஆனால் சேதத்தை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் சர்வேயர் வந்து பார்ப்பதற்குள் பூச்சை உடைத்து அள்ளிவிட்டால் அவர் எதைப் பார்ப்பார்? மேஸ்திரி உடைத்ததையும் வெள்ளக் கணக்கில் சேர்த்துவிடலாம் என்ற யோசனையை யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். அது பொய்க் கணக்கு. பிடிபட்டால் உண்மையான இழப்புக்கு வர வேண்டியதும் சிக்கலாகிவிடும்.

ஈரச் சுவரில் அவசரம்

அன்றே கண்ணில் படாத சேதம் இது. சமவெளியிலிருந்து வரும் கொத்தனார்களுக்கு வெயில் அடித்தால் சுவர் காயும் என்ற கணக்கு கையோடு வந்துவிடுகிறது. இங்கே அது செல்லாது. ஊட்டிக்கு அருகே அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது தென்மேற்குப் பருவமழை. கேத்தி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் 2009 நவம்பரில் சரிவுகளைக் கொண்டுவந்தது வடகிழக்கு மழை. ஆகஸ்டில் நனைந்த வீட்டுக்கு அடுத்த மழை பின்னாலேயே வருகிறது. நவம்பரில் நனைந்த வீட்டுக்கு மூடுபனியும், ஊட்டிப் பக்கமாக இருந்தால் உறைபனியும் காத்திருக்கின்றன. வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே போனால் சிமென்ட் இறுகுவதே மந்தமாகிவிடும். மாலையில் பூசிய சுவர் அதே இரவில் உறைபனியைச் சந்தித்தால் பூச்சு வலுவிழந்து பொரிந்து உதிரும்.

பழைய வீடுகளில் இன்னும் கவனம் தேவை. மலையில் அந்தக் காலத்துச் சுவர்கள் பலவும் சுண்ணாம்புச் சாந்திலோ மண் சாந்திலோ கட்டியவை. அவை ஈரத்தை வாங்கி, மெல்ல வெளியே விடும். அதன் மேல் கெட்டியான சிமென்ட் பூச்சையும் நீர்புகாத பெயின்ட்டையும் ஏற்றினால் உள்ளே இருக்கும் ஈரம் சிறைப்படும். ஆறு மாதத்தில் உப்புப் பூக்கும், பெயின்ட் கொப்பளிக்கும், சுவருக்குள் செருகிய உத்தரத்தின் நுனி உளுத்துப்போகும். அப்போதும் அதே பதில்தான் வரும்: "மழை ஈரம் சார்." மழை ஈரம்தான், அதை உள்ளே பூட்டி வைத்தது யார்?

இரண்டடிச் சதுர பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். தாளின் உட்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை. வெளிப்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அது மூடுபனியின் வேலை. தாளின் உட்பக்கம் துளியின்றி உலர்ந்திருப்பதைக் காணும் வரை பட்டியும் பெயின்ட்டும் வேண்டாம். மேஸ்திரி சலித்துக்கொள்வார், சலித்துக்கொள்ளட்டும்.

ஒயரிங் பற்றிச் சுருக்கமாக: ஒயருக்காகச் சுவரில் காடி வெட்டுவதற்கு முன்பும் பின்பும் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் மெக்கர் (ஒயர் உறையின் மின்காப்பை அளக்கும் கருவி) வைத்து அளக்கச் சொல்லி, அளவை எழுதி வாங்குங்கள். மின்கசிவு நேர்ந்தால் மின்சாரத்தைத் தானே நிறுத்தும் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் இல்லாத வீடாக இருந்தால் இப்போதே பொருத்திவிடலாம்.

வீட்டுக்கு வெளியே நடப்பதைப் பார்க்காமல் இருப்பது

மலைச்சரிவில் நம் வீட்டுப் பின்சுவர் மேல்வீட்டுக்காரருடைய முற்றத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும். அந்தத் தடுப்புச் சுவரில் தண்ணீர் வடிய விட்ட துளைகளை, அழகாக இருக்கட்டும் என்று பூசி மூடிவிடும் கொத்தனார்களைக் கண்டிருக்கிறேன். மண்ணில் ஊறும் தண்ணீர் வெளியேற வழியின்றிச் சுவரைத் தள்ளும். அடுத்த பருவத்தில் சுவர் வயிறு தள்ளி நிற்கும். இடித்த செங்கல்லையும் காரையையும் ஓடையில் தள்ளுவது இன்னொரு வழக்கம். அடுத்த மழையில் அது கீழ்வீட்டுக்காரர் வாசலில் போய் அடைக்கும். அவர் மேஸ்திரியைத் தேடி வரமாட்டார், நம்மைத்தான் தேடி வருவார். ஜேசிபி கொண்டுவருகிறேன் என்று யாராவது சொன்னால், நீலகிரியில் அதற்கு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். "அதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பது அனுமதிக் கடிதம் ஆகாது.

பணமும் பேச்சும்

ஒரு பக்க ஒப்பந்தம் போதும். என்ன வேலை, எந்தப் பொருள், எத்தனை நாள், வேலையின்போது உடைவதை யார் சரிசெய்வது, கழிவு எங்கே போகும் என்பவை அதில் இருக்கட்டும். தொகையில் பத்தில் ஒரு பங்கை அடுத்த மழை வரும் வரை நிறுத்திவைப்பதாக முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். வேலை முடிந்த பிறகு அதைச் சொன்னால் சண்டை. பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள். ஒன்று மட்டும் வேண்டாம்: மேஸ்திரி மீதுள்ள கோபத்தில் சனிக்கிழமைக் கூலியை நிறுத்துவது. சித்தாளின் அடுப்பு அதில்தான் எரிகிறது. பிடிக்க வேண்டியதை மேஸ்திரியின் பங்கில் பிடியுங்கள்.

சேதம் நடந்துவிட்டால், அன்றே அவரை விரட்டிவிட்டு வேறு ஆளை வைத்துச் சரிசெய்வது பெருந்தவறு. சாட்சியை நாமே அழித்தவர்களாவோம். அந்தப் பகுதி வேலையை மட்டும் நிறுத்துங்கள். படம் எடுத்து, என்ன நடந்தது, எந்தத் தேதிக்குள் சரிசெய்ய வேண்டும் என்று எழுதி அனுப்புங்கள். உடைந்த குழாய்த் துண்டையும் உடைந்த ஓடுகளையும் ஒரு சாக்கில் கட்டி வையுங்கள். அவர் அசையாவிட்டால் ஒரு பொறியாளரின் அறிக்கையும் வேறொருவரின் செலவு மதிப்பீடும் வாங்கிய பிறகு கை வையுங்கள்.

அதற்கும் மசியாவிட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இருக்கிறது. ஊட்டியில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் உண்டு. நாம் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை, 50 லட்சம் வரையிலான வழக்குகளை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். மேஸ்திரி கோவைக்காரராக இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். முதலில் யோசனை கேட்க 1915 என்ற நுகர்வோர் உதவி எண் உண்டு. ஒரு சிக்கல்: நாட்கூலிக்கு ஆள் வைத்து, நாமே பக்கத்தில் நின்று வேலை வாங்கியிருந்தால் அதைச் சேவை என்று நிறுவுவது கடினம். வேலையை மொத்தமாக ஒப்படைத்திருந்தால் அந்தத் தொல்லை குறைவு. புகார் தரக் கெடு இரண்டு ஆண்டுகள்.

எனக்கு அந்தக் கெடு கடந்துவிட்டது. விரிசலைக் கண்ட அன்று மாலை, தாமதமாகத்தான் என்றாலும், அதன் இரு நுனியிலும் பென்சில் கோடு போட்டேன். அதன் பிறகு மூன்று நவம்பர்கள் போய்விட்டன. மண் இறங்கிக்கொண்டே இருந்திருந்தால் நீண்டிருக்க வேண்டிய அந்த விரிசல், இன்றுவரை கோட்டைத் தாண்டி ஒரு நூல்கூட நகரவில்லை.