கடைசி நிமிடத்தில் கோல் வாங்கினால் யாரைத் திட்டுவது?

தோற்ற அன்றைக்கு யாரையும் திட்டாதீர்கள். கோவில்பட்டியில் சாயங்காலம் பையன்களுக்கு ஹாக்கி சொல்லிக்கொடுக்கிறேன். இந்த ஒன்றைப் பழக எனக்குப் பல வருடம் ஆனது. இன்னமும் நாக்கு துறுதுறுக்கும்.

மறுநாள் எல்லோரையும் உட்காரவைத்துத் தரையில் சாக்பீஸால் மைதானம் வரையுங்கள். எங்கள் பதினொரு பேருக்குப் புளியங்கொட்டை, எதிரணிக்குச் சோளம். வீடியோ இருந்தால் நல்லது, இல்லையென்றாலும் பரவாயில்லை. பையன்களுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். ஆளுக்கொரு மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

கோல் விழுந்த இடத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள். ஒவ்வொரு இடத்திலும் இரண்டே கேள்வி: பந்து யார் ஸ்டிக்கில் இருந்தது? அவனுக்கு வேறு வழி இருந்ததா? 'இருந்தது' என்று பதில் வரும்வரை நிற்கக் கூடாது. கோலியில் (கோல்கீப்பர்) ஆரம்பித்துக் கோலியிலேயே முடிக்கிறவர்கள்தான் அதிகம். நம் கோல் பக்கம் தப்புப் பண்ணினால் எதிரணிக்குக் கிடைக்கும் பெனால்டி கார்னரில் கோலியோடு சேர்த்துத் தடுக்க ஐந்தே பேர். அவன் முதல் அடியைக் காலால் தடுத்து, திரும்பி வந்த பந்து கோலானால், அந்தப் பந்தை வெளியே தள்ள வேண்டியவன் எங்கே நின்றான் என்று பாருங்கள்.

2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு அரையிறுதியை எடுத்துக்கொள்வோம். மலேசியாவுக்கு எதிராக இந்தியா 2-1 என்று முன்னிலை. 59வது நிமிடத்தில் பெனால்டி கார்னரில் சமன் ஆனது. ஒவ்வொருவராகக் கோலியை எதிர்த்து ஆடும் ஷூட் அவுட்டில் 7-6 என்று மலேசியா ஜெயித்தது. எங்கள் டீக்கடையில் ஷூட் அவுட்டில் தவறவிட்டவர்களைத்தான் வறுத்தெடுத்தார்கள். ஷூட் அவுட் எப்படி வந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. 2000 சிட்னி ஒலிம்பிக்கிலும் இதே கதைதான். போலந்துக்கு எதிராக 1-0, இரண்டு நிமிடம்கூட மிச்சமில்லை. அப்போது விழுந்த ஒரு கோலில் அரையிறுதி கையைவிட்டுப் போனது.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். பள்ளிகளுக்கிடையேயான ஒரு ஆட்டம், மூன்று நிமிடம் பாக்கி, 2-1 என்று நாங்கள் மேலே. முடிவில் 2-3. அடுத்தடுத்து இரண்டு கோல். கோலி அழுதுகொண்டே பேட் கழற்றினான். அவனுடைய அப்பாவே அவனைத் திட்டினார்.

தரையில் வரைந்து முதல் கோலைப் பின்னோக்கிப் பார்த்தோம். பெனால்டி கார்னரில் விழுந்தது. 'டி'க்குள் (கோலுக்கு முன்னால் உள்ள அரைவட்டம்) லெஃப்ட் ஹாஃப் (இடதுபக்க நடுவரிசை ஆட்டக்காரன்) காலில் பந்து பட்டதால் அந்தக் கார்னர். அவன் ஒருத்தனாக இரண்டு பேரைச் சமாளித்துக்கொண்டிருந்தான், ஏனென்றால் மற்ற ஹாஃப்கள் மேலே ஏறியிருந்தார்கள். பந்து பறிபோனது எங்கே தெரியுமா? எதிரணியின் கோல் பக்கத்தில்! எங்கள் ஃபார்வர்ட் மூன்று பேரை வெட்டப் பார்த்தான். கொடி மூலைக்குக் கொண்டுபோய்ப் பந்தை ஸ்டிக்கிலேயே வைத்திருந்தால் அரை நிமிடம் ஓடியிருக்கும், ஒரு ஃப்ரீ ஹிட்டும் கிடைத்திருக்கலாம்.

"ஏன்டா மூலைக்குப் போகல?"

"நீங்கதான சார் 'இன்னொன்னு போடுடா'ன்னு கத்துனீங்க."

உண்மைதான். கத்தினேன். அந்த இடத்தில் என் செருப்பை வைத்தேன். பையன்கள் சிரித்தார்கள், கோலியும் சிரித்தான்.

இரண்டு விஷயம் தனியாகப் பாருங்கள். கடைசி நேரத்தில் யாராவது கிரீன் கார்டு வாங்கினானா? இரண்டு நிமிடம் பத்துப் பேரோடு ஆடுவது சும்மா இல்லை. அப்புறம், அம்பயர். அவர் தப்புப் பண்ணியிருக்கலாம். ஆனால் தரையில் எல்லாம் வைத்து முடித்த பிறகுதான் அவர் பேச்சை எடுக்க வேண்டும். முதலிலேயே எடுத்தால் புளியங்கொட்டைக்கு வேலையே இருக்காது.

இப்போது பயிற்சியில் வாரம் ஒருநாள் கடைசி மூன்று நிமிடத்தை மட்டும் ஆடுகிறோம். ஒரு அணி 2-1 என்று வைத்துக்கொண்டு தொடங்கும். நான் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் எல்லோருக்கும் கடலைமிட்டாய் வாங்கித்தர வேண்டும். இதுவரை நாலு தடவை வாங்கியாயிற்று.