புதுசா பார்லர் திறந்திருக்கீங்களா? வந்த கஸ்டமரைத் திரும்ப வரவைக்கிற வழி

கத்திரி பிடிக்கத் தெரியும், கோர்ஸ் முடிச்சாச்சு, ரோட்டைப் பார்த்து ஒரு ரூமும் வாடகைக்குப் பிடிச்சாச்சு, ஆனா நாற்காலி காலியாவே இருக்குங்கிறவங்களுக்கான பதிவு இது. லைசென்ஸ், சாமான் வாங்குறது எல்லாம் இதுல வராது. நான் மதுரைல குடியிருப்புக்கு நடுவுல லேடீஸ் பார்லர் வெச்சிருக்கேன். அதனால சொல்றது எல்லாம் அந்த மாதிரி இடத்துக்குத்தான்.

1. த்ரெட்டிங்கை இளக்காரமா நினைக்காதீங்க

புதுப் பார்லர்ல எடுத்ததும் யாரும் தலையைக் குடுக்க மாட்டாங்க. முதல்ல த்ரெட்டிங், அதாவது நூலால ஐப்ரோ பண்ணிப் பார்ப்பாங்க. முடி மாசத்துக்குச் சுமார் அரை இன்ச்தான் வளரும், அதனால ஹேர்கட்டுக்கு வர்றவங்களை ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருதரம் பார்த்தாலே பெரிசு. புருவம் அப்படியில்ல, மூணு நாலு வாரத்துல திரும்ப வந்து உக்காரணும். அப்ப ஒரே ஒரு வரி சொல்லுங்க: "நுனியெல்லாம் பிளந்திருக்குக்கா, அடுத்த தடவை வரும்போது லேசா ட்ரிம் பண்ணிக்கலாம்." அதோட விட்டுடுங்க. ஸ்மூத்தனிங், கெரட்டின், ஹேர் ஸ்பான்னு ரேட் கார்டை ஒப்பிச்சா அடுத்த மாசம் ஐப்ரோவுக்கும் ஆள் வராது.

2. "ஒரு இன்ச்"னா எவ்வளவுன்னு முதல்ல முடிவு பண்ணுங்க

திரும்ப வராத பாதிப் பேர் சொல்ற காரணம், "நிறைய வெட்டிட்டாங்க". அவங்க மனசுல இருக்கிற இன்ச் வேற, நம்ம சீப்புல இருக்கிற இன்ச் வேற. தண்ணி ஸ்ப்ரே பண்றதுக்கு முன்னாடி, முடி காய்ஞ்சு இருக்கும்போதே பின்னாடி நுனியைச் சீப்பால பிடிச்சு, "இது வரைக்குமா?"ன்னு அவங்க கண்ணுல படுற மாதிரி முன்னாடி எடுத்துக் காட்டுங்க. இடுப்பு வரைக்கும் முடி இருந்தா போன்ல போட்டோ எடுத்துக் காட்டலாம். சுருட்டை முடின்னா இன்னும் கவனம். ஈரத்துல நீளமாத் தெரியும், காய்ஞ்சதும் மேல ஏறிக்கும். கேட்டதைவிடக் குறைச்சே வெட்டுங்க. பத்தலைன்னா இன்னும் கொஞ்சம் எடுக்கலாம், எடுத்ததை ஒட்ட முடியாது.

கத்திரி விஷயத்துல என் கட்சி ஒண்ணுதான்: ஆரம்பத்துல 6 இன்ச்ல நல்லதா ஒண்ணு போதும். பத்துப் பீஸ் செட்டா விக்கிறதுல காசைக் கொட்டாதீங்க. ஆனா அந்த ஒண்ணால பேப்பர், நூல், பாக்கெட் எதையும் வெட்டக் கூடாது.

3. ஆப் வேண்டாம், நோட்டு போடுங்க

புக்கிங் ஆப் எல்லாம் பத்து ஆள் வேலை பாக்குற கடைக்கு. உங்களுக்கு ஒரு நீள நோட்டு போதும். ஆளுக்கு ரெண்டு வரி, இப்படி:

"டீச்சர் அக்கா. யூ கட், 2 இன்ச். பிடரில இடப்பக்கம் சுழி, அங்க குட்டையா வெட்டினா தூக்கும். டை ஒத்துக்காது. பொண்ணு பத்தாவது."

அடுத்த தடவை அவங்க உக்காரும்போதே, "பின்னாடி சுழி இருக்கே, அந்தப் பக்கம் நீளமாவே விட்டுடறேன்"னு நீங்க சொன்னா, அவங்க வேற கடைக்கு ஏன் போறாங்க? டை போட வந்தா 48 மணி நேரம் முன்னாடியே காதுக்குப் பின்னாடி கொஞ்சம் தடவி டெஸ்ட் பண்ணி, அதையும் நோட்டுல எழுதுங்க. அவசரமா ஃபங்ஷன்னு சொன்னாலும் விட்டுக்குடுக்காதீங்க.

4. வாட்ஸ்அப் (எல்லாரும் மாட்டுற இடம் இதுதான்)

நம்பர் வாங்கிட்டோம், பிராட்காஸ்ட் லிஸ்ட் (ஒரே மெசேஜை எல்லாருக்கும் தனித்தனியா அனுப்புற லிஸ்ட்) போட்டுட்டோம், "பொங்கல் ஆஃபர்"னு அனுப்பிட்டோம், ஒருத்தர்கூட வரலை. காரணம் சின்னது: உங்க நம்பரை அவங்க போன்ல சேவ் பண்ணியிருந்தாத்தான் பிராட்காஸ்ட் அவங்களுக்குப் போய்ச் சேரும். நீங்க அவங்களைச் சேவ் பண்ணா மட்டும் பத்தாது. அனுப்பின மெசேஜை அழுத்திப் பிடிச்சு தகவலைப் பாருங்க, யாருக்குப் போச்சுன்னு தெரியும். பெரும்பாலும் லிஸ்ட்ல பாதிக்குப் போயிருக்காது.

"சேவ் பண்ணிக்கோங்க"ன்னு சொன்னா சரிம்பாங்க, பண்ண மாட்டாங்க. ஒரு காரணம் குடுக்கணும். வெட்டி முடிச்சதும் பின்பக்கத்தை ஒரு போட்டோ எடுங்க. தன் முதுகுப்பக்க முடியை யாரும் நேராப் பார்த்ததில்ல, அதனால கண்டிப்பா கேப்பாங்க. "உங்க போன்ல இருந்து எனக்கு ஒரு ஹாய் போடுங்க, அப்படியே பார்லர்னு சேவ் பண்ணிக்கோங்க, அனுப்பிடறேன்." அவங்க கண்ணாடி முன்னாடி நிக்கும்போதே இது முடியணும். படி இறங்கிட்டா முடிஞ்சுது கதை. அந்தப் போட்டோவை நீங்க ஸ்டேட்டஸ்ல போடணும்னா தனியா அனுமதி கேளுங்க.

லிஸ்ட்டுக்கு 256 பேர்தான் சேர்க்க முடியும். ஆனா ஆரம்பத்துல லிஸ்ட்டே வேண்டாம்ங்கிறதுதான் என் அபிப்பிராயம். நோட்டைப் பார்த்து ஆள் ஆளா, "ஐப்ரோ வளர்ந்திருக்குமேக்கா, சனிக்கிழமை வர்றீங்களா?"ன்னு கேட்டா வர்ற பதில் வேற.

5. கூகுள் மேப்

போர்டு மாட்டின அன்னைக்கே கடையைச் சேர்த்துடுங்க, காசு இல்ல. கடை நிஜமா இருக்கான்னு சரிபார்க்க கூகுள் வீடியோ கேட்டா, தெருப் பேரு, போர்டு, உள்ள நாற்காலி, நீங்க சாவி போட்டுக் கதவைத் திறக்குறது எல்லாம் வெட்டு ஒட்டு இல்லாம ஒரே ஓட்டமா எடுக்கணும். ரிவ்யூ போட்டா தள்ளுபடின்னு சொல்லாதீங்க. கூகுள் விதிப்படி அது தப்பு, ரிவ்யூவைத் தூக்கிடுவாங்க.

6. காலண்டரை நாற்காலி பக்கத்துல மாட்டுங்க

அடுத்த தேதியை அவங்க எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடியே பேசி முடிச்சிடணும். நம்ம ஊர்ல நிறைய வீட்ல செவ்வாய், வெள்ளி முடி வெட்ட மாட்டாங்க. பொறந்த நாள், அமாவாசைன்னு ஆளுக்கு ஒரு கணக்கு. அதனால தினசரிக் காலண்டரைப் பார்த்துத்தான் நாள் சொல்லணும். ஆடில கல்யாண மேக்கப் வராது, பயப்படாதீங்க, ஆவணில திரும்பிடும். தீபாவளிக்கு முந்தின வாரம் பழைய பார்லர்ல இடம் கிடைக்காதவங்க உங்ககிட்ட வருவாங்க. அன்னைக்குக் கூட்டம்னு நோட்டையும் போட்டோவையும் விட்டுடாதீங்க, ஏன்னா அவங்கதான் அடுத்த வருஷக் கஸ்டமர்.

திறப்பு விழாவுக்குப் பாதி விலைன்னு நோட்டீஸ் அடிக்கிறதுல எனக்கு நம்பிக்கை இல்ல. பாதி விலைக்கு வந்தவங்க அடுத்த பாதி விலைக்குத்தான் போவாங்க. முழு விலை வாங்குங்க. சொன்ன தேதிக்கு ரெண்டாவது தடவை வந்தா ஐப்ரோ ஃப்ரீன்னு குடுங்க.

பின்சேர்க்கை: கமெண்ட்ல ஒரு தங்கச்சி கேட்டிருந்தாங்க, மெசேஜ் போட்டா "யாரு நீங்க?"ன்னு ஆம்பளைக் குரல்ல போன் வருதாம். நிறையப் பேர் வீட்டுக்காரர் நம்பரையோ பையன் நம்பரையோதான் குடுப்பாங்க. நம்பர் வாங்கும்போதே, "இது உங்க போனாக்கா, வீட்லயா?"ன்னு கேட்டு நோட்டுல குறிச்சுக்கோங்க. வீட்டு நம்பர்னா மெசேஜ் அனுப்ப வேண்டாம், அடுத்த தேதியை விசிட்டிங் கார்டு பின்னாடி எழுதிக் கையில குடுத்துடுங்க.

இன்னொரு பின்சேர்க்கை: வீட்டு ஹால்லயே பார்லர் நடத்துறவங்களும் கேட்டிருந்தீங்க. ஒண்ணுல இருந்து நாலு வரைக்கும் அப்படியே செய்யலாம். மேப்ல வீட்டு விலாசம் எல்லாருக்கும் தெரியுமேன்னு யோசனையா இருந்தா அஞ்சாவதை இப்போதைக்குத் தள்ளி வைங்க, அக்கம்பக்கத்துத் தெருவுல இருந்து வர்றவங்களே உங்களுக்கு முதல் ஆறு மாசம் போதும்.