காலிபரில் மின்னூல்கள் தாமாகவே தொகுப்பில் சேர

மின்னூல்களை நிர்வகிக்கும் மென்பொருளான காலிபரில், தொகுப்புக்கு ‘விர்ச்சுவல் லைப்ரரி’ என்று பெயர். அது பெயர் சூட்டிச் சேமித்த தேடல்தான். கோப்புகளை அது நகர்த்தாது. பொருந்துகிற நூல்களை மட்டும் காட்டும். நாளை சேர்க்கிற நூல் பொருந்தினால் அதுவும் தானாக வந்துவிடும். ஆனால் இங்கே நாம் எழுதப்போகும் தேடல் விதி படிப்பது நூலை அல்ல, அதன் டேக்குகளை, அதாவது நூலுக்கு இட்ட வகைக்குறிச்சொற்களை. அவை கலைந்து கிடந்தால் எந்த விதியும் உதவாது.

எனவே முதலில் ‘மேனேஜ் டேக்ஸ்’ திறந்து ‘சிறுகதைகள்’, ‘சிறு கதை’ இரண்டையும் ‘சிறுகதை’ என்று பெயர் மாற்றுங்கள், ஒன்றாகிவிடும். இனி வரும் நூல்களுக்கு, அமைப்புகளில் (பிரிஃபரன்சஸ்) ‘ஆடிங் புக்ஸ்’ பகுதியில் டேக் விதிகள் எழுதலாம். அவை மேலிருந்து கீழாக ஓடும். நீக்கும் விதியோ அப்படியே வைக்கும் விதியோ பொருந்தியதும் அந்த டேக்குக்கு வேலை முடிந்தது. ஆகவே பெயர் மாற்றும் விதிகளை மேலே வையுங்கள். பழைய நூல்களை இவை தொடமாட்டா.

அடுத்து, தேடல் பெட்டிக்கு இடப்புறமுள்ள ‘விர்ச்சுவல் லைப்ரரி’ பொத்தானில் புதியது உருவாக்கி, பெயரும் தேடலும் கொடுங்கள். புலப்பெயரை (டேக்குக்கு tags) ஆங்கில எழுத்தில் தட்டி, முக்காற்புள்ளி வைத்து, மதிப்பை எழுத வேண்டும்.

பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான்: டேக் புலத்தில் வெறும் கதை என்று தேடினால் ‘சிறுகதை’, ‘கதைப்பாடல்’ எல்லாம் வரும், சொல்லுக்குள் இருந்தாலும் பொருந்தும் என்பதால். "=கதை" என்று மேற்கோளுக்குள் சமக்குறி போட்டால் அந்த டேக் மட்டுமே.

அடைப்புக்குறியும் முக்கியம். ‘சிறுகதை ஆர் (or) நாவல் ஆண்ட் (and) 4 நட்சத்திரம்’ என்ற பொருளில் எழுதினால் ஆண்ட் முதலில் பிணையும். எல்லாச் சிறுகதைகளும், 4 நட்சத்திர நாவல்களும் வரும். முதல் இரண்டையும் அடைப்புக்குறிக்குள் வையுங்கள்.

டேக்கே இல்லாத நூல்களுக்கும் ஒரு தொகுப்பு அவசியம்: டேக் புலத்துக்கு மதிப்பாக ‘ஃபால்ஸ்’ (false) கொடுங்கள். விடுபட்டவை அங்கே தென்படும். ஒரு தொகுப்புக்குள் இருந்தபடி நூல் சேர்த்து, அது காணாமல் போனால் பதற வேண்டாம். விதிக்குப் பொருந்தவில்லை, அவ்வளவே. முழு நூலகத்துக்குத் திரும்பினால் இருக்கும்.

இத்தொகுப்புகள் கோபோ போன்ற மின்னூல் படிப்பு கருவிக்குத் தாமாகப் போகா. கோபோவுக்கு அனுப்ப, பிற நெடுவரிசைகளிலிருந்து உருவாகும் ஒரு நெடுவரிசை அமைத்து, வார்ப்புருவில் விர்ச்சுவல் லைப்ரரிகளைத் தரும் செயற்கூற்றை (virtual_libraries) எழுதி, காலிபரின் கோபோ இயக்கி அமைப்பிலுள்ள கலெக்‌ஷன் நெடுவரிசைகளில் அந்த நெடுவரிசையின் லுக்அப் பெயரைச் சேருங்கள்.