புது ஊசி கொடுத்தால் மட்டும் போதாது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரே ஊசியைப் பலர் பகிர்ந்து எச்.ஐ.வி. பரவுவதைத் தடுக்க, போதை ஊசி போடுபவர்களுக்குப் புது ஊசியை இலவசமாகக் கொடுத்து, பழையதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் திட்டம் நம் நாட்டில் நடக்கிறது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு பணம் தர, தொண்டு நிறுவனங்கள் நடத்துகின்றன. இந்தியாவில் சுமார் 8.5 லட்சம் பேர் போதை ஊசி போடுவதாக 2019இல் வெளியான மத்திய அரசு ஆய்வு மதிப்பிட்டது. தமிழ்நாட்டிலும் வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றும் இளைஞர்களைப் பற்றி இப்போது அடிக்கடி செய்தி வருகிறது. ஆகவே இந்தச் சேவையைச் சுற்றி நடக்கும் தவறுகளை வெளிப்படையாகப் பேசிவிடுவது நல்லது.

எல்லாவற்றுக்கும் வேராக இருப்பது ஒரு நம்பிக்கை: ஊசி கொடுத்தால் பழக்கம் கூடிவிடும். பல நாடுகளில் பல ஆண்டுகளாக நடந்த ஆய்வுகளில் அப்படி எதுவும் தெரியவில்லை. ஊசி வாங்க வருபவர் பின்னர் சிகிச்சைக்குப் போகும் வாய்ப்புதான் கூடுகிறது. ஊசியே கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஸ்காட் கவுன்டி காட்டியது. ஆண்டுக்கு ஐந்து எச்.ஐ.வி. தொற்றுகூடப் பதிவாகாத கிராமப்புறப் பகுதி அது. அங்கும் வலி மாத்திரையைக் கரைத்துத்தான் ஊசி போட்டார்கள். ஊசி மாற்றுத் திட்டத்துக்கு அப்போது மாநிலச் சட்டத்தில் இடமில்லை. 2015இல் தொற்று வெடித்தது. இருநூறுக்கும் மேற்பட்டோருக்கு எச்.ஐ.வி. வந்தது. அப்புறம்தான் அவசரநிலை அறிவித்து ஊசி கொடுத்தார்கள், புதிய தொற்றுகளும் குறைந்தன. இதையெல்லாம் பார்த்த பிறகும், 2021இல் அந்தத் திட்டத்தை மூட உள்ளூர் நிர்வாகம் வாக்களித்தது. எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் அது.

திட்டம் நடத்துபவர்கள் செய்யும் பெரிய தவறு, ஒன்று கொடுத்தால்தான் ஒன்று என்று கறாராக நிற்பது. கேட்க நியாயமாகத் தோன்றும். ஆனால் பழைய ஊசியைப் பையில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்தால் போலீஸ் பிடிக்கும் என்ற பயத்தில் பலர் அதை எங்கேயாவது வீசிவிட்டு வருகிறார்கள். வெறுங்கையோடு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பினால், அன்று இரவு அவர் இன்னொருவரின் ஊசியைத்தான் எடுப்பார். ஒருவருக்கு ஆண்டுக்கு 200 ஊசியாவது போய்ச்சேர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் இலக்கு வைத்தது. தினமும் இரண்டு மூன்று முறை போடுபவருக்கு அதுவே பற்றாது. வரத் தயங்கும் நண்பருக்கும் சேர்த்துக் கேட்டால் மறுக்காதீர்கள். குறிப்பாகப் பெண்கள் இந்த மையங்களுக்கு நேரில் வருவது அரிது. அவர்களுக்குப் புது ஊசி கிடைப்பதே பல நேரம் இன்னொருவர் கை வழியாகத்தான். பழைய ஊசி திரும்ப வருவதும் முக்கியம்தான். அதற்குக் குத்தினாலும் துளைபடாத டப்பாவைக் கொடுத்து, களப்பணியாளர் நேரில் போய் வாங்கி வரட்டும். மாலை ஐந்து மணிக்கு மையத்தைப் பூட்டிவிட்டு, யாரும் வரவில்லை என்று குறைப்படுவதும் சரியில்லை.

போலீஸ் பயத்துக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. எய்ட்ஸ் சட்டம், பிரிவு 22: பதிவு செய்த திட்டத்தில் ஊசி கொடுப்பவர்மீதும் வாங்குபவர்மீதும் அதற்காக வழக்கு இல்லை என்று உதாரணத்தோடு சொல்கிறது. மையம் நடத்துபவர்கள் இதன் நகலோடு அந்த வட்டாரக் காவல் நிலையத்துக்கு முன்கூட்டியே போய்ப் பேசிவிட வேண்டும்.

ஊசி போடுபவர்கள் கவனிக்க வேண்டியது: ஊசி புதிதாக இருந்தாலும் கரண்டி, பஞ்சு, தண்ணீர் ஆகியவற்றைப் பகிர்ந்தால் ஹெபடைடிஸ் சி பரவும். அந்த வைரஸ் சிரிஞ்சுக்குள் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீரில் அலசினால் போகாது.

ஆஸ்பத்திரியில் நடக்கும் தவறுகள் வேறு வகை. சீழ் கட்டிய கையோடு வந்தவரைத் திட்டி அனுப்பினால் அவர் அடுத்த முறை வரமாட்டார். கையையே எடுக்க வேண்டிய நிலையில்தான் வருவார். சம்மதம் கேட்காமல் எச்.ஐ.வி. பரிசோதனை செய்வதை அதே 2017 சட்டம் தடுக்கிறது. பரிசோதிக்க விரும்புபவரை அரசின் எச்.ஐ.வி. பரிசோதனை மையமான நம்பிக்கை மையத்துக்கு அனுப்பலாம், அங்கே இலவசம். ‘முதலில் பழக்கத்தை விடு, அப்புறம் கல்லீரல் வைத்தியம்’ என்பதும் தவறு. ஹெபடைடிஸ் சிக்கு இப்போது பெரும்பாலும் 12 வார மாத்திரை போதும், நூற்றில் 95 பேருக்குமேல் குணமாகிறது. 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் மருந்தும் இலவசம்.

குடும்பத்தாரிடம் ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். புப்ரெனார்ஃபின் மாத்திரையை நாக்கடியில் வைத்து தினமும் எடுத்துக்கொள்ளும் மாற்று மருந்துச் சிகிச்சையில் ஒருவர் இருந்தால், ‘இதுவும் போதைதானே, எப்போ நிறுத்தப்போற?’ என்று நச்சரிக்காதீர்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுபவரை நாம் அப்படிக் கேட்பதில்லை. அவசரப்பட்டு நிறுத்தியவர்களில் பெரும்பாலோர் ஊசிக்கே திரும்புகிறார்கள். அதுவும் பழைய அளவில் போடுகிறார்கள். உடம்பு அந்த அளவுக்கான பழக்கத்தை இழந்திருக்கும், மூச்சு நின்றுவிடும். மறுவாழ்வு மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வெளியே வரும் முதல் சில வாரங்களும் இதனால்தான் மிக ஆபத்தானவை. பூட்டி வைத்து, மாதக்கணக்கில் ஊசியைத் தொடாமல் பார்த்துக்கொண்டு, வெளியே விடும் நாளில் தொடர் சிகிச்சைக்கு எந்த ஏற்பாடும் செய்யாத மையத்தை நம்பாதீர்கள். வழி கேட்க 14446 போதை மீட்பு உதவி எண், எச்.ஐ.வி. தொடர்பாக 1097.

கடைசியாக, மருந்து அளவு மீறியவரைத் தூங்கட்டும் என்று விட்டுவிடும் தவறு. உதடு நீலம் பாய்ந்து, குறட்டைபோலக் கரகரத்து, உலுக்கினாலும் எழவில்லையென்றால் அது தூக்கம் இல்லை. முகத்தில் தண்ணீர் அடிப்பது, பால் புகட்டுவது, உப்புத் தண்ணீரை ஊசியில் ஏற்றுவது எதுவும் உதவாது. 108ஐ அழையுங்கள். மூச்சு நின்றிருந்தால் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். இந்தப் போதை மருந்தின் வேலையை முறிக்கும் நலோக்சோன் ஊசி போட்டால் சில நிமிடங்களில் விழித்துவிடுவார். ஆனால் நலோக்சோனின் வேலை ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரத்தில் ஓய்ந்துவிடும், போதை மருந்து உடம்பில் மிச்சம் இருக்கும், மூச்சு மறுபடி நிற்கலாம். அவர் எழுந்து உட்கார்ந்து ‘எனக்கு ஒண்ணுமில்லை’ என்றாலும் ஜி.எச்.சுக்கு அழைத்துப்போய் சில மணி நேரமாவது கண்காணிப்பில் வைக்கச் சொல்லுங்கள்.