பாம்பு ரேக்: பலகை அறுப்பதற்கு முன்

பாம்பு ரேக் என்பது பிளாஸ்டிக் டப்பாக்களை டிராயர் போலச் செருகி, அவற்றில் பாம்பு வளர்க்கும் அலமாரி. அதைச் செய்வதற்கு முன், முதலில் சட்டம். சாரை, மண்ணுளி, நல்ல பாம்பு என்று நம்மூர்ப் பாம்பு எதையும் வீட்டில் வைக்க முடியாது. 1972 வனவிலங்குச் சட்டப்படி கேஸ் ஆகிவிடும். பால் பைத்தான் (ball python, ஆப்பிரிக்கச் சிறு மலைப்பாம்பு) வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிந்திருக்க வேண்டும். இனி வருவது அதையெல்லாம் முடித்தவர்களுக்கு.

தண்டையார்பேட்டையில் எனக்கு ரேக் செய்து தந்த ஆசாரி நல்ல கைக்காரர். "ரெண்டு நூல் கேப் விட்டாத்தான் தம்பி, டப்பா பிடிக்காம வரும்" என்றார். மேசை டிராயருக்கு அது சரி. ஆனால் இந்த ரேக்கில் டப்பாவுக்குத் தனி மூடி கிடையாது, மேலே இருக்கும் பலகைதான் மூடி. ரெண்டு நூல் என்றால் 6 மில்லிமீட்டர். பென்சில் தடிமன் உள்ள கார்ன் பாம்புக் (விஷமில்லாத அமெரிக்க இனம்) குட்டிக்கு அது வாசற்கதவு. மூன்றாம் நாள் ஃபிரிட்ஜ் மோட்டாருக்குப் பின்னால் கண்டெடுத்தோம். அம்மா இன்னும் அந்தப் பக்கம் குனிந்து பார்த்துவிட்டுத்தான் மோர் எடுக்கிறார். இடைவெளி ஒன்றிரண்டு மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது.

அதனால் பலகையை அறுத்துவிட்டு டப்பா தேடாதீர்கள். டப்பாதான் முதலில். ஸ்டிக்கரில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு உதவாது. டப்பா மேலே அகன்று அடியில் குறுகும் என்பதால் விளிம்பில் டேப் வைத்து அளக்க வேண்டும். தண்ணீர்க் கிண்ணமும் உமியும் போட்டதும் நடுப்பகுதி கொஞ்சம் தொய்யும், அதையும் பாருங்கள். உபரியாக ரெண்டு டப்பா அன்றைக்கே வாங்கிவிடுங்கள். அடுத்த முறை போனால் அதே அளவு கிடைக்குமா என்பது சந்தேகம்.

காற்றுத் துளையைச் சால்ட்ரிங் கம்பியால் போடுவதென்றால் உள்ளிருந்து வெளியே குத்துங்கள். உருகிய பிசிறு உள்ளே நின்றால் மூக்கைத் தேய்த்தே பாம்பு புண்ணாக்கிக்கொள்ளும்.

பெரிய தவறு சூட்டில்தான். நாம் பார்க்கும் வீடியோக்கள் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்களுடையவை. அவர்கள் ஒவ்வொரு தட்டிலும் ஹீட் டேப், அதாவது கரண்டில் சூடாகும் பட்டை, ஒட்டுகிறார்கள். பால் பைத்தானுக்கு ஒரு பக்கம் 31 முதல் 33 டிகிரி, மறுபக்கம் 25 முதல் 27 போதும். மே மாதத்தில் வெளியிலேயே 40 தாண்டும் ஊரில், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்குக் கீழே டேப்பும் ஓடினால் அது ரேக் இல்லை, இட்லிப் பானை. மார்கழி ராத்திரிக்கு வேண்டுமானால், சூடு ஏறியதும் கரண்டை நிறுத்தும் தெர்மோஸ்டாட்டோடு போடுங்கள். அதன் சென்சாரை டப்பாவுக்குள் விடாமல் டேப்பின் மேலேயே ஒட்ட வேண்டும். உள்ளே இருந்தால் பாம்பு அதை இழுத்துத் தள்ளிவிடும், அல்லது கிண்ணம் கவிழ்ந்து நனையும். சென்சாருக்குக் குளிர்ச்சியாகவே தெரிய, டேப் நிற்காமல் காயும்.

காசிமேட்டு உப்புக்காற்றில் சாதாரண ஸ்க்ரூ சீக்கிரம் துருப்பிடிக்கும். ஸ்டெயின்லெஸ் கேளுங்கள். மரநாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகை ஈரத்தில் உப்பும், வேண்டாம்.

பாம்பை விடுவதற்கு முன் வெறும் டப்பாக்களோடு ஒரு வாரம் ரேக்கை வையுங்கள். பசை, பெயின்ட் வாடை போகட்டும். மதியம் இரண்டு மணிக்கு மேல் தட்டிலும் கீழ்த் தட்டிலும் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் நாலு டிகிரி வித்தியாசம் வந்தது. மேல் தட்டில் இப்போது பழைய பேப்பரும் அப்பாவின் ஸ்க்ரூ டிரைவர்களும் இருக்கின்றன.